பீலிக்கு மேலே இருக்கும் மலை

ஒவ்வொரு ஆண்டும் பெப்ரவரி கடைசியில் கொழும்பில் ஒரு வேலை தொடங்கும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பீலிகள், அதாவது ஊற்றுநீர் பிடிக்கும் இடங்கள், மெலியத் தொடங்கியதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள், கோயில் சபைகள், வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் தண்ணீர்த் தாங்கிக்குக் காசு சேர்க்கும். ஆடி ஆவணியில் அதே வேலை பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைக்காக மறுபடி நடக்கும். 5,000 அல்லது 10,000 லீற்றர் கறுப்புத் தாங்கி, கொங்கிறீட் மேடை, நாலு குழாய், கொடையாளர் பெயர் வெட்டிய பளிங்குக் கல், திறப்பு விழாப் படம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அந்தத் தாங்கிக்குள் பல்லி ஓடும். இதில் யாருடைய நல்ல மனதையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் காசு முழுவதும் ஊற்றின் வாயிலேயே செலவாகிறது, ஊற்றுக்கு நீர் கொடுக்கும் சரிவுக்கு ஒரு சதமும் போவதில்லை என்பது ஒவ்வொரு அறிவிப்பைப் பார்க்கும்போதும் உறுத்துகிறது.

கொழும்பு இதை அறியாத ஊரும் இல்லை. நகரத்துக்குத் தண்ணீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றி இருக்கும் காட்டை இன்றைக்கும் காப்புக்காடாகத்தான் வைத்திருக்கிறோம். அணை இருக்கிறதே, காடு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து இறைக்கும் தண்ணீரும் மலையகத்தில் பிறப்பதுதான். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்துதான் களனியாகின்றன. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் திறந்துவிடுவது போக, மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவது சரிவுகள் சேர்த்துவைத்து மெல்ல மெல்ல விடும் ஊற்றுநீர். ஆறு மெலிந்தால் கடலின் உப்புநீர் ஆற்றோடு ஏறி அம்பத்தளை வரைக்கும் வரும். அதற்காகவே அங்கே தடுப்பு போட்டிருக்கிறார்கள். நமக்கென்று வரும்போது மேலே உள்ள காட்டையும் கணக்கில் எடுக்கிறோம். தோட்டத்துக்கென்று வரும்போது தாங்கியோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இரண்டு லீற்றர் பீலி

தண்ணீர் எடுக்கும் வேலையை எல்லோரும் தூரத்தை வைத்தே அளக்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் நடக்கிறார்கள், அரைக் கிலோமீற்றர் நடக்கிறார்கள் என்றுதான் விண்ணப்பங்களில் எழுதியிருக்கும். பீலி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்கு நூறு அடி தள்ளியிருந்தாலும் ஒரு பெண்ணின் காலைப்பொழுதைத் தின்றுவிட முடியும். கணக்கைப் பாருங்கள். வறட்சியில் ஒரு பீலி நிமிடத்துக்கு 2 லீற்றர் ஊறுகிறது என்று வைப்போம். 20 லீற்றர் கேன் ஒன்று நிறைய 10 நிமிடம். ஐந்து பேருள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 20 லீற்றர் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலும் ஐந்து கேன். இருபது வீட்டுக்கு நூறு கேன். காலை நாலரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் அந்தப் பீலியில் நிறையக்கூடியது பன்னிரண்டே கேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, பிந்தினால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். ஆகவே இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்க் கேனை வரிசையில் வைத்துவிட்டு வருவது, கிழவியைக் காவலுக்கு உட்காரவைப்பது, பெரிய மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது, பிடித்த தண்ணீரைப் பற்றிச் சண்டை எல்லாம் நடக்கின்றன. தூரத்தைக் குறைத்தால் இதில் ஒன்றும் குறையாது.

அதே பீலி ஒரு நாள் முழுக்க ஊறுவது 2,880 லீற்றர். இருபது வீட்டுக்குத் தேவையானது 2,000. தண்ணீர் போதும், பெண்கள் தூங்கும் நேரத்திலும் கொழுந்து எடுக்கும் நேரத்திலும் வீணாக ஓடுவதுதான் பிரச்சினை. மாலை ஆறிலிருந்து காலை ஐந்து மணிவரை பிடித்துவைத்தால் 1,320 லீற்றர் சேரும். ஊற்றுக்குக் கீழே 2,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, நன்றாக விழும் நாலு குழாய், இவ்வளவும் இருந்தால் விடியற்காலையில் வீட்டுக்கு மூன்று கேன் வீதம் அரைமணி நேரத்தில் பிடித்து முடித்துவிடலாம். பகலில் சேர்வது மாலைக்கு. ஆக, தாங்கியே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வறண்ட மாதத்து ஊறலை அளந்து, ஓர் இரவில் நிறையும் அளவுக்குத் தாங்கி வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 2 லீற்றர் ஊறும் இடத்தில் 10,000 லீற்றர்த் தாங்கி நிறைய மூன்றரை நாள் ஆகும்; யாரும் மூன்றரை நாள் காத்திருப்பதில்லை. அது படத்துக்கு மட்டுமே பெரியது.

ஊற்றைத் தாங்கியோடு இணைக்கும் இடத்தில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. நல்ல மேசன்கூட ஊற்றுக்கண்ணைத் தோண்டிப் பெரிதாக்கி, சுற்றிலும் கொங்கிறீட் எழுப்பி, உள்ளே தண்ணீர் மட்டம் உயர்ந்தால் நல்லது என்று நினைப்பார். கண்ணின் இயல்பான மட்டத்தைவிடத் தண்ணீர் உயர்ந்து நின்றால் அது பின்னுக்கு அழுத்தும். நிலத்துக்குள் வேறு வழி கிடைத்ததும் ஊற்று அந்தப் பக்கம் போய்விடும். போனால் திரும்பக் கொண்டுவருவது அரிது. வெளியேறும் குழாய் கண்ணின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் இருக்க வேண்டும். கண்ணுக்கும் சுவருக்கும் இடையில் கழுவிய கல்லும் சரளையும். சுவரின் அடி நீர் புகாத களி அல்லது பாறையில் ஊன்றியிருக்க வேண்டும். மேலே பூட்டக்கூடிய மூடி, வலை கட்டிய வழிகுழாய், அடியில் கழுவிவிட ஒரு வாய். இப்படி ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கட்டிய பெட்டிக்கு எட்டுப் பத்து மீற்றர் மேலே பிறைவடிவில் ஒரு கான், அதாவது வடிகால், வெட்டி மழைவெள்ளத்தை இரண்டு பக்கமும் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தேயிலைக்குப் போட்ட உரமும் மாட்டுச் சாணமும் உள்ளே வரும். மேற்பக்கத்தில் கழிவறைக் குழி முப்பது மீற்றருக்குள் இருக்கக்கூடாது. வெடிப்புள்ள பாறையானால் அந்தத் தூரமும் போதாது. வெலிமடை, நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே உள்ள ஊற்றுகளில் நைத்திரேற்றையும் சோதிக்க வேண்டும்: லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது, கொதிக்கவைத்தாலும் அது போகாது.

இந்தச் சிறு வேலைகள் ஒழுங்காக நடந்தாலே பல இடங்களில் அடுத்த வறட்சியைத் தாண்டிவிடலாம். ஆனால் அதே பீலி ஐந்தாறு ஆண்டில் நிமிடத்துக்கு அரை லீற்றராகிவிட்டால் ஒரு நாளைக்கு 720 லீற்றர்தான். அப்போது எந்தத் தாங்கியும் உதவாது. மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் வழி

மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது பழைய உருமாறிய பாறை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் நிற்க இடம் குறைவு. பாறைக்கு மேலே உக்கிக் கிடக்கும் மண்படை ஒன்று, பாறையிலுள்ள வெடிப்புகள் இன்னொன்று, இந்த இரண்டிலும்தான் மழைநீர் தங்குகிறது. மண்படையிலிருந்து வரும் ஊற்று மழைக்குச் சில நாளிலேயே பெருகி, மழை விட்டதும் சீக்கிரம் மெலியும். வெடிப்பு வழியாக வருவது மழைக்குப் பல வாரம் கழித்து உயர்ந்து, வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும். ஊற்றை வளர்க்க மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகளை மேலே வெட்டலாம்; ஆனால் எது எதுவென்று தெரியாமல் வெட்டுவது குருட்டு வேலை.

தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு வாளி, கைப்பேசியில் உள்ள நேரமானி, ஒரு கொப்பி. தண்ணீர் பரந்து கசிந்தால் களிமண் அணைத்து ஒரு மூங்கில் துண்டு வழியாக ஒன்றாக விழவைத்து, வாளி நிறையும் நேரத்தை மூன்றுமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை போதும், வறட்சியில் வாரத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே நேரத்தில். மழைக்கணக்குக்கு வேறெங்கும் அலைய வேண்டாம்; அநேகத் தோட்டங்களில் அது நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் மழைக்கும் ஊறலுக்கும் உள்ள இடைவெளி தெரியும். கூடவே, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், பேனை அளவிலுள்ள மின்கடத்துதிறன் மானி ஒன்றிருந்தால் நல்லது. மழை பெய்ததும் அந்த எண் சடாரென்று விழுந்தால் மேல்மண் தண்ணீர் நேரே கலக்கிறது என்று பொருள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே எண் நின்றால் தண்ணீர் ஆழத்தில் நெடுநாள் தங்கி வருகிறது.

அடுத்தது பாறையின் சாய்வு. வீதிக்காக மலையை வெட்டிய இடங்களில் பாறையின் பட்டைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்க்கலாம். ஊற்று இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள சரிவே பெரும்பாலும் நீர் கொடுக்கும் இடம். மலைக்குள்ளே சாய்ந்திருந்தால் நேர் மேலே வெட்டும் குழிகள் மலையின் மறுபக்கத்து ஊற்றைத்தான் வளர்க்கும். இமயமலையில் இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. சிக்கிம் அரசின் ஊரக வளர்ச்சித் துறை 2008இல் தாரா விகாஸ் என்று தொடங்கிய திட்டத்தில் ஊற்றுக்கு நீர் கொடுப்பது எந்தச் சரிவு என்பதைப் பாறை பார்த்து முடிவுசெய்த பிறகே குழி வெட்டினார்கள், கூலியை நூறுநாள் வேலைத்திட்டத்திலிருந்து கொடுத்தார்கள். இந்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை இந்திய இமயமலைப் பகுதியில் 30 லட்சம் ஊற்றுகள் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழப் பாதி வற்றியோ பருவகால ஊற்றாகவோ மாறிவருவதாகவும் சொல்கிறது. அங்கே இது அரசின் பேச்சுக்குள் வந்துவிட்டது. இங்கே இன்னும் தண்ணீர்ப் பவுசர் அனுப்புவதோடு நிற்கிறது.

ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு

மலைக்குள் தண்ணீரை இறக்குங்கள் என்று சொல்லும் எவரும் பதுளை மாவட்டத்தின் 2014ஆம் ஆண்டைப் பதில் சொல்லாமல் கடக்க முடியாது. அந்த ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. நாள்கணக்கான மழையில் சரிவு தாங்கக்கூடியதைவிட அதிகமான தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரில், அதே மாவட்டத்தில், உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஓரிடத்தில் மலைக்குள் நீர் மிஞ்சி உயிர்கள் போயின. இன்னோரிடத்தில் மலைக்குள்ளிருந்த நீர் ஒழுகிப்போய் ஊர் காய்ந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபிறகு, மலைச்சரிவில் மண்வெட்டி வைக்கும் பேச்சை எடுத்தாலே ஊரார் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஆபத்தான சரிவுகளில் செய்வது தண்ணீரை வெளியே எடுக்கும் வேலை. மேற்பரப்பில் கான் அமைத்து வெள்ளத்தை வழிமாற்றுவார்கள், சரிவுக்குள் துளையிட்டுக் குழாய் இறக்கி நீரை வடிப்பார்கள். ஊற்றை உயிர்ப்பிக்க வருபவர் செய்வது நேர்மாறு. இரண்டும் ஒரே மலையில் சரியாக இருக்க முடியாது. எந்தச் சரிவுக்கு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இமயமலைக் கையேடுகளை அப்படியே கொண்டுவந்து நம் மழையில் போடக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலை மண்சரிவு ஆபத்து வரைபடம். அந்த நிறுவனம் மலையக மாவட்டங்களுக்கு வரைந்து வைத்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆபத்து உள்ளதாகக் குறித்த இடத்தில் ஒரு குழியும் வேண்டாம். வரைபடம் பச்சை காட்டினாலும் நடந்து பார்க்க வேண்டும். பழைய சரிவின் தழும்பு, நிலத்தில் பிறைவடிவ வெடிப்பு, அடி வளைந்த மரங்கள், சாய்ந்த தந்திக்கம்பம், ஈரமாகவே கிடக்கும் மெத்தென்ற நிலம் இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தச் சரிவை விட்டுவிட வேண்டும். லயத்துக்கு நேர் மேலே வெட்டக்கூடாது, எவ்வளவு மெல்லிய சரிவானாலும் சரி. முப்பது பாகையைவிடச் செங்குத்தான இடத்தில் குழி எதுவும் வேண்டாம். புல்லும் மரமும் மட்டும். குழி வெட்டத் தகுந்த இடம் பெரும்பாலும் முகட்டின் மேலே உள்ள தட்டையான தோள்கள், இரண்டு குன்றுக்கு இடைப்பட்ட சேணம் போன்ற பள்ளங்கள், கைவிட்ட தேயிலை மலைகளின் மெல்லிய சரிவுகள். எது எப்படியானாலும் அந்த நிறுவனத்தின் கையொப்பமிட்ட பரிந்துரை இல்லாமல் தொடங்கக்கூடாது.

இதில் ஒரு பயனும் உண்டு. அதே வாளியும் கொப்பியும் இரண்டு வேலைக்கும் உதவும். ஊற்று திடீரென்று கலங்கினால், மழைக்கு மிஞ்சிப் பெருகினால், பெருமழையில் சட்டென்று நின்றுபோனால், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பினால், அவை மண்சரிவின் முன்னறிகுறிகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவு. தினமும் பீலிக்குப் போகிற பெண்ணுக்குத்தான் அந்தத் தண்ணீரின் நிறமும் சத்தமும் அத்துப்படி. மழைமானியையும் கொப்பியையும் அவளிடம் கொடுத்து, யாருக்கு அழைத்துச் சொல்வது என்பதையும் எழுதிக் கொடுத்தால், தோட்டத்துக்குச் செலவில்லாத ஒரு காவல் கிடைக்கும்.

கான் வெட்டத் தெரிந்த கைகள்

சரிவில் தண்ணீரை நிறுத்தும் வித்தையை மலையகத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. தேயிலை மலையில் கான் வெட்டுவது பழைய வேலை. ஏறக்குறைய மட்டமாக, 120 அடிக்கு ஓர் அடி இறக்கமாகப் போகும் கான். அதற்குள் இடைக்கிடை சிறு மண்திட்டு விட்டு, ஒவ்வொரு துண்டிலும் தண்ணீரும் வண்டலும் தங்கி, மிஞ்சியது மட்டும் அடுத்த துண்டுக்கு வழிவது. ஊற்று வேலைக்காரர்கள் வெட்டும் குழியும் ஏறத்தாழ அதுவேதான். ஆள் பற்றாக்குறை வந்ததும் தோட்டங்கள் முதலில் கைவிட்டது கான் வாரும் வேலையை. தூர்ந்த கானில் மழைநீர் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடி ஆற்றுக்குப் போகிறது. பல இடங்களில் புதிதாக வெட்டுவதற்கு முன் பழைய கானைத் தேடி வாரினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

புதிதாக வெட்டுவதானால் 2 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழம். ஒரு வரிசைக் குழியின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைக் குழி வரும்படி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மட்டத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது. மூன்று கம்பும் ஒரு நூலும் ஒரு கல்லும் கொண்டு செய்யும் ஏ-வடிவச் சட்டமோ, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயோ போதும். குழி ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தால் தண்ணீர் அந்த முனைக்கு ஓடி, கரையை உடைத்து, கீழ்வரிசையையும் உடைத்துக்கொண்டு போகும். ஒரே இரவில் ஓடை உண்டாகிவிடும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில், விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிக் கரையாகப் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் முதல் மழையிலேயே திரும்பக் குழிக்குள் விழும். கரையில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டுவிடலாம். இரண்டும் மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றத் தோட்டங்களே நடுகிறவை, நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. குழி வெட்டுமுன் ஒரு சிறு சோதனை: ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கினால் சரி. மறுநாளும் நின்றால் அது களி. அங்கே வெட்டினால் நுளம்புதான் வளரும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மூடச் சொல்வார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பலனை எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கடதாசிக் கணக்கு. ஒரு குழியில் 720 லீற்றர். நூறு குழியில் 72,000. ஆண்டில் பதினைந்து முறை நிறைந்து வடிந்தால் பத்து லட்சம் லீற்றருக்குச் சற்று மேல். அதில் கால்வாசிதான் நம் ஊற்றுக்கு வந்துசேரும், மீதி மரம் குடித்ததும் வேறு வழி போனதும் என்று வைத்தாலும் 2,70,000 லீற்றர். தொண்ணூறு வறண்ட நாளுக்குப் பகிர்ந்தால் நாளைக்கு 3,000 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றர். பீலிக்கடியில் நிற்கும் பெண்ணுக்கு அது வரிசை பாதியாகும் கணக்கு. இதைக் கொடையாளர்களுக்கு வாக்குறுதியாகச் சொல்லக்கூடாது. கால்வாசி என்பது ஓர் ஊகம், சாய்வைத் தவறாகப் பார்த்திருந்தால் அது பூச்சியமும் ஆகலாம். குழி வெட்டிய ஆண்டு நல்ல மழை பெய்துவிட்டால் வேலை பலித்ததாகத் தோன்றும். அடுத்த ஆண்டு ஏமாற்றம். வேலைக்கு முன் ஓர் ஆண்டு அளவும், கைவைக்காத பக்கத்து ஊற்று ஒன்றின் அளவும் இல்லாமல் பலித்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மரம் நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கன்று நடுவதுதான் எல்லோருக்கும் பிடித்த பகுதி, அதனால் அவசரமாக நடக்கிறது. ஊற்றுக்கு மேலே யூக்கலிப்டஸ், அதாவது டர்பன்டைன், நடக்கூடாது. வேகமாக வளரும் மரம் வேகமாகவே குடிக்கும். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் மரம் நடுவதைவிட முக்கியமான வேலை ஆடி ஆவணியில் தீ வைக்காமல் பார்ப்பது. எரிந்த சரிவில் மண் வெறுமையாகக் கிடந்து முதல் மழையிலேயே இறுகிவிடும், அதற்குப்பின் விழுவதெல்லாம் வழிந்து ஓடும். தீத்தடுப்பு வரப்புக்குப் படம் எடுக்க முடியாது, அதனால் காசும் கிடைப்பதில்லை.

பெண்களின் ஞாயிற்றுக்கிழமை

நூறு குழி வெட்ட, மண்ணைப் பொறுத்து, ஐம்பதிலிருந்து நூறு பேர், அதாவது அத்தனை ஆள்நாள் வேலை, வேண்டும். இதை யார் வெட்டுவது என்று வரும்போதுதான் திட்டங்கள் வழுக்குகின்றன. சமூகப் பங்களிப்பு என்ற தலைப்பில் ஒரு சிரமதானம் வைப்பார்கள். ஆறு நாள் மலையில் நின்ற பெண், துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் பிள்ளைக்குப் பேன் பார்க்கவும் மிஞ்சிய ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மண்வெட்டியோடு மலையேற வேண்டும். அவளுடைய வேலையைக் குறைக்க வந்த திட்டம் முதல் நாளே அவளுக்கு ஒரு நாள் வேலையைக் கூட்டிவிடுகிறது. உத்தராகண்டில் உப்ரைங்கால் பகுதியில் பள்ளி ஆசிரியர் சச்சிதானந்த் பாரதி 1980களிலிருந்து ஊர்ப் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து சிறுகுழிகளையும் காட்டையும் உண்டாக்கியதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அது ஊரார் தங்கள் புல்லுக்கும் விறகுக்கும் தாங்களே வைத்துக் காத்த காடு. தோட்டத்தில் நிலம் கம்பனியின் குத்தகை, முகடு வனத் திணைக்களத்துடையது, லயத்துக் காம்பராகூட அவளுக்குச் சொந்தமில்லை. சொந்தமில்லாத மண்ணில் கூலியில்லாமல் வெட்டு என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாங்கிக்குச் சேர்த்த காசில் பெரும்பங்கு கூலியாகவே போகட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் வண்டல் வாரும் கூலியையும் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே ஒதுக்கிவிட வேண்டும். வாராத குழி இரண்டு மூன்று ஆண்டில் தூர்ந்து மட்டமாகிவிடும்.

பெண்களிடம் கேட்டால் தாங்கியைவிட முன்னால் வேறொன்றும் வரும்: குளிக்கும் இடம். திறந்த பீலியில் ஆண்கள் போய்முடியும்வரை காத்திருந்து இருட்டில் குளிப்பது, மாதவிடாய் நாள்களில் அதுவும் முடியாமல் போவது. குடிநீர்க் குழாய்க்குக் கீழே, வழிநீர் போகும் பக்கத்தில், கதவோடு ஒரு மறைப்புக் கட்ட அதிகம் செலவாகாது. கூட்டத்தில் தலைவர்மார் பேசும்போது இது வரைபடத்தில் இருப்பதே இல்லை.

கடைசியாக, கறுப்பு அல்கதீன் குழாய்கள். எந்தப் பழைய பீலிக்கு மேலே ஏறினாலும் ஊற்றுக்கண்ணில் பத்துப் பதினைந்து குழாய்கள் செருகியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்கு. நீளக் குழாய் வாங்க முடிந்தவர் மேலே போய்ச் செருகுவார். முடியாதவர், பெரும்பாலும் கணவன் இல்லாத பெண்ணோ வேலை விட்ட கிழவியோ, மிஞ்சியதைக் கீழே பிடிக்க வேண்டும். குழாய்கள் மேடுபள்ளமாகப் போவதால் மேட்டில் காற்று அடைத்து நின்றுபோகும், அடைத்ததை எடுக்க ஒருவர் கண்ணைக் கிண்டுவார், எல்லோருக்கும் கலங்கும். ஊறலை இரட்டிப்பாக்கினாலும் இந்த முறை இருந்தால் கூடிய தண்ணீரும் மேலே செருகியவருக்கே போகும். பெட்டி கட்டும்போது எல்லாக் குழாயையும் எடுத்துவிட்டு ஒரே வெளிவழியாகத் தாங்கிக்கு இறக்க வேண்டும், மேட்டில் காற்றுவாயும் பள்ளத்தில் கழுவுவாயும் வைத்து. வீட்டுக் குழாய்கள் வேண்டுமானால் தாங்கியின் வழிநீரிலிருந்து, மழை மாதங்களில் மட்டும். ஊறல் எத்தனை லீற்றருக்குக் கீழே போனால் அவற்றை மூடுவது, வாளிக் கணக்கை யார் படிப்பது, ஒரு வீட்டுக்கு எத்தனை கேன், நடக்க முடியாதவருக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதெல்லாம் ஒரு தாளில் வர வேண்டும், தோட்ட முகாமையாளரின் கையொப்பமும் சேர்த்து. அதை நவம்பரில், எல்லார் வீட்டிலும் தண்ணீர் இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். மார்ச்சில் கேட்டால் மேலே குழாய் செருகியவர் யாரும் கையொப்பம் போடமாட்டார்.